வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றி: திருவல்லிக்கேணியின் இரண்டரை நூற்றாண்டுகள்

சென்னை திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வாலாஜா பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தோறும் பெருந்திரளான மக்கள் கூடித் தொழுகின்றனர். மக்கள் வழக்கில் அது ‘பெரிய பள்ளிவாசல்’. ஹவுழில் உளூச் செய்துவிட்டு உள்ளே செல்வோரில் எத்தனை பேர் அங்குப் பதிக்கப்பட்டுள்ள பாரசீகக் கல்வெட்டை நின்று நோக்குகின்றனர்? நோக்குவோரிலும் எத்தனை பேரால் அதனை வாசிக்க இயலும்?

அக்கல்வெட்டில் பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டு எண்ணால் எழுதப்படவில்லை, சொல்லால் எழுதப்பட்டுள்ளது. ‘இறைநினைவே பெரிது’ எனப் பொருள்படும் மூன்று அரபுச் சொற்களின் எழுத்துகளை ‘அப்ஜத்’ முறையில் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். ‘திக்ர்’ என்னும் சொல்லில் தால் 700, காஃப் 20, ரா 200. ஆகக் கூடுதல் 920. ‘அல்லாஹ்’ என்னும் திருப்பெயருக்கு 66. ‘அக்பர்’ என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209 வரும். ஹிஜ்ரி 1209 என்பது கிறிஸ்தவ ஆண்டு 1794-95 ஆகும்.

இறைநினைவின் மேன்மையையும் இறையில்லம் எழுந்த ஆண்டையும் மூன்றே சொற்களில் அடக்கிய அந்தப் புலவர் யார்? நவாபின் முன்ஷியாகப் பணியாற்றிய ராஜா மக்கன்லால் பகதூர் என்னும் இந்துப் பெருமகனார். பாரசீகத்தை ஒரு சமயத்தின் மொழியாகக் கருதாமல், கற்றோர் அனைவருக்கும் பொதுமொழியாகக் கருதிய காலம் அது. அந்தக் காலம் திருவல்லிக்கேணியில் எவ்வாறு உருவானது, எவ்வாறு கலைந்தது, அதன் எச்சமாக இன்று நம் கையில் இருப்பது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நவாபுக்கு முன்னும் பின்னும்

திருவல்லிக்கேணி நவாபுகளால் உண்டான ஊரன்று. ஆழ்வார்கள் பாடிய திருத்தலம் அது. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. சென்னைக் கோட்டை எழுந்த பின்னர், 1676இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வூரைக் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. ஆகவே இதனை ‘முஸ்லிம் பேட்டை’ என்றோ ‘வைணவப் பேட்டை’ என்றோ ஒருபக்கமாகப் பேசுவது வரலாற்றுக்கு ஒத்துவராது. கோயிற்குளத்தைச் சுற்றிய அக்கிரகாரத் தெருக்களும், பள்ளிவாசலைச் சுற்றிய நவாபின் பரிவாரத் தெருக்களும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தன.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1749 முதல் 1795 வரை ஆட்சியிலிருந்தவர். பிரெஞ்சுக்காரரோடும் மைசூரோடும் நிகழ்ந்த போர்களில் கம்பெனியின் நண்பராக நின்ற அவர், ஆற்காட்டை விட்டுக் கோட்டையின் பீரங்கிகளுக்கு அருகில் குடியேற விரும்பினார். சேப்பாக்கத்தில் 1768இல் அவருடைய அரண்மனை எழுந்தது. அரசர் வந்தால் அவரோடு ஓர் ஊரே வரும். படைவீரர், முன்ஷிகள், ஹகீம்கள், காரிகள், எழுத்தர்கள், தையற்காரர், சமையற்காரர், பல்லக்குத் தூக்குவோர் எனப் பலதரப்பட்டோர் அரண்மனையின் மேற்கே திருவல்லிக்கேணியில் குடியேறினர். தக்கனி உருது பேசுவோரும் நவாயத்துகளும் இவ்வாறே இங்கு நிலைபெற்றனர்.

நவாபி ஆட்சியைப் பொற்காலமாகப் போற்றுவோர் நம்மில் உண்டு. அப்போற்றுதலை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. நவாப் வாங்கிய கடன்கள் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை நாறின. எட்மண்ட் பர்க் 1785இல் அதுபற்றி ஆற்றிய உரை வரலாற்றில் பேர்பெற்றது. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவராகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டே நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தோரிலும் முதன்மையானவர். அக்கடனுக்கு ஈடாகக் கிராமங்களின் வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டபோது, வட்டியைச் சுமந்தவன் காவிரிக்கரையின் உழவன். மார்க்கம் விலக்கிய வட்டியில் ஓர் அரசு மூழ்கியது என்பதை அதன் கொடைகளைப் புகழும் நாவால் சொல்லத் தயங்கக் கூடாது.

1795 அக்டோபரில் நவாப் காலமானார். அவருடைய உடல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டு நத்ஹர் வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குப் பின்வந்த உம்தத்துல் உமரா 1801இல் மறைந்ததும், கம்பெனி அஸீமுத்தௌலாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆட்சியும் படையும் கம்பெனிக்கு. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. அன்று முதல் சேப்பாக்கத்தில் இருந்தது அரசன்று, அரசின் நிழல். 1855இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் வாரிசின்றி மறைந்தார். டல்ஹௌசியின் ஆட்சி நவாப் பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை அரசுடைமையாயிற்று. பின்னர் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்னும் பட்டம் அக்குடும்பத்துக்கு வழங்கப்பட்டது; 1876இல் இராயப்பேட்டை அமீர் மஹால் அவர்களுடைய உறைவிடமாயிற்று.

நிழலில் வளர்ந்த கல்வி

வியப்பு என்னவென்றால், அரசு தேய்ந்த அந்த அறுபது ஆண்டுகளில்தான் இப்பேட்டையின் கல்வி செழித்தது. அதன் முதற்காரணர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள்.

இன்று நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றும் பாடத்திட்டம் ‘தர்ஸே நிஜாமி’. அதனை வகுத்த இலக்னோ ஃபிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் அருமை மைந்தரே அப்துல் அலீ அவர்கள். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்த அவர்களுக்கு இங்கு ஒரு மதரஸா அமைக்கப்பட்டது. சட்டமூல இயலில் ‘முஸல்லமுத் துபூத்’ நூலுக்கு அவர்கள் எழுதிய விரிவுரையான ‘ஃபவாதிஹுர் ரஹமூத்’ அரபுலகிலும் பயிலப்படுவது. மௌலானா ரூமியின் மஸ்னவிக்கும் உரை கண்டவர்கள். ஹிஜ்ரி 1225, அதாவது 1810இல் மறைந்து, வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே துயில்கின்றார்கள். பாடத்திட்டத்தைப் பயிலும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அதை வகுத்தவரின் மகனார் சென்னையில் அடங்கியிருப்பது தெரியும்?

வேலூரில் தோன்றிச் சென்னையில் வாழ்ந்த முஹம்மது பாகிர் ஆகாஹ் (1745-1806) அரபியிலும் பாரசீகத்திலும் பெரும்புலமை பெற்றிருந்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ என்னும் பெயரில் தக்கனி மொழியில் பாடினார். பாரசீகம் அறியாத பெண்களும் எளிய மக்களும் மார்க்கத்தை அறிய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நவாபின் திவானாக இருந்த ஷரஃபுல் முல்க் முஹம்மது கௌஸ் (மறைவு 1822) திருக்குர்ஆனின் எழுத்துமுறையை ஆராய்ந்து ‘நஸ்ருல் மர்ஜான்’ என்னும் அரபு நூலை யாத்தார். கடைசி நவாபான குலாம் கௌஸ் தாமே ‘அஃஸம்’ என்னும் புனைபெயரில் எழுதிய புலவர். கர்நாடகப் பகுதியின் பாரசீகக் கவிஞர்களைப் பற்றி ‘சுப்ஹே வதன்’, ‘குல்ஸாரே அஃஸம்’ ஆகிய தொகுப்புகளை ஆக்கினார். 1851இல் அவர் நிறுவிய மதரஸயே அஃஸம், பட்டம் ஒழிந்த பின் அரசின் பொறுப்பில் பள்ளியாகத் தொடர்ந்தது.

மூன்று மொழிகளின் முறைமாற்றம்

1855க்குப் பின் திருவல்லிக்கேணியில் நிகழ்ந்த பெருமாற்றம் கட்டடங்களில் நிகழவில்லை. பாரசீகம் அறிந்தவனுக்குச் சம்பளம் தர ஆளில்லாமற் போயிற்று. முன்ஷியின் மகன் உருது ஆசிரியனானான். பேரன் ஆங்கிலம் கற்று எழுத்தனானான். அரண்மனை ஓய்வூதியத்தை நம்பியிருந்த குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து தொகை சுருங்கியது. வீட்டின் முன்கட்டு வாடகைக்கு விடப்பட்டது.

ஆயினும் புதிய நிறுவனங்களும் எழுந்தன. கோஷா முறையைப் பேணிய பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி உயிரிழந்த நிலையைக் கண்டு, மேரி ஷார்லிப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் ஒரு மருத்துவமனை தோன்றியது. 1890இல் அது சேப்பாக்கத்துக்கு வந்தது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அதைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே திருவல்லிக்கேணி அழைக்கிறது. இப்பேட்டையின் எத்தனையோ தாய்மார்கள், எச்சமயத்தவராயினும், அங்குதான் பிள்ளை பெற்றனர்.

1927ஆம் ஆண்டு இருவகையில் குறிக்கத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை அவ்வாண்டில் நிறுவப்பட்டது. அத்துறையில் பணியாற்றிய முனைவர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார், நவாபின் வரலாறு கூறும் ‘துஸுகே வாலாஜாஹி’ என்னும் பாரசீக நூலை 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். அதே 1927இல் ‘முஸல்மான்’ உருது நாளேடு திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்டது. உலகின் அச்சகங்களெல்லாம் கணினிக்கு மாறிய பின்னரும், 21ஆம் நூற்றாண்டில்கூட காத்திபுகள் நாணற்பேனாவால் எழுத, அவ்வேடு வெளிவந்தது. பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சிற்றறையில் அவர்கள் குனிந்து எழுதுவதைக் காண அயல்நாட்டார் வந்தனர். அதைப் பார்க்க வந்தோர் பலர், படிக்க வந்தோர் சிலர் என்பது நாம் மறைக்க வேண்டாத உண்மை.

மூன்றாம் மொழி தமிழ். விடுதலைக்குப் பின் தென்மாவட்டங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வந்த இளைஞர்களுக்காக ‘மேன்ஷன்’கள் பெருகின. பழைய முற்றமும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் இடிந்து, ஒற்றையறைகள் அடுக்கிய மாடிகளாயின. பாளையங்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் உருது குத்பா கேட்டுத் திகைத்தனர். உருது பேசுவோரோ இவர்களை அயலூராராகவே நெடுநாள் எண்ணினர். ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்றோரிடையே வெளியில் வந்ததும் ஒரு மெல்லிய திரை இருந்தது. அதை நாம் அறிவோம்.

அத்திரையை விலக்கிய ஒரு நிகழ்வு 1972 ஏப்ரலில் நேர்ந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, அரசியல் நிர்ணய சபையில் தமிழே இந்நாட்டின் ஆட்சிமொழியாகத் தக்கது என வாதிட்ட காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் மறைந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்டது வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில். பாரசீகப் பேரறிஞரின் அருகில் தமிழுக்காகப் பேசிய தலைவர். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை இப்போது அவர் பெயரையே தாங்குகிறது. பைகிராஃப்ட்ஸ் சாலை, 1921இல் இப்பேட்டையிலேயே உயிர்நீத்த மகாகவியின் பெயரால் பாரதி சாலையாயிற்று. ஆற்காட்டு இளவரசரின் அமீர் மஹால் அச்சாலையில்தான் அமைந்துள்ளது.

பாரசீகம் முற்றிலும் போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. காலையில் ‘நாஷ்டா’ முடித்தாயா என்று கேட்கும் ஆட்டோ ஓட்டுநர், போக்குவரத்து நெரிசலில் ‘பேஜார்’ என்று சலித்துக்கொள்ளும்போது இரண்டு பாரசீகச் சொற்களைப் பேசிவிடுகிறார். ‘உஷார்’, ‘கலீஜ்’ போன்றவையும் இவ்வழியில் வந்தவையே. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி என அரசு அலுவலகத் தமிழிலும் நவாபின் தஃப்தர் இன்னும் இருக்கிறது. எழுத்து மறைந்து ஒலி மட்டும் எஞ்சியுள்ளது.

நாம் கண்டது

மதரஸாவில் ஸனது பெற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு முதுகலை பயின்ற நாட்களில், 1990களின் தொடக்கத்தில், நாம் பள்ளிவாசலுக்கு அண்மையில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தோம். பறக்கும் இரயிலுக்காக பக்கிங்காம் கால்வாயில் தூண்கள் எழுந்துகொண்டிருந்த காலம். 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலை வரையும் இரயில் ஓடியது. ஒருகாலத்தில் படகுகள் சென்ற கால்வாய் தூண்களுக்கிடையே சாக்கடையாய்த் தேங்கியது.

மேன்ஷனை அடுத்த சந்தில் பழைய வீடொன்றில் முதியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பாரசீக ஆசிரியர். அஸ்ர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் படிக்கட்டில் நம்மைக் கண்டால், “மௌலவி சாஹிப், அரபி எம்.ஏ. படிக்கிறீர்களே, ஃபார்ஸி வேண்டாமா?” என்று கேட்பார். ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சென்று மரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே துணியில் முடிந்த காகிதக் கட்டுகள். முத்திரையிட்ட வக்பு சாசனங்கள், நிக்காஹ் ஒப்பந்தங்கள், யாரோ ஒரு மகன் தந்தைக்கு எழுதிய மடல்கள். “என் பிள்ளைகளுக்கு இதன் ஒரு வரியும் தெரியாது. நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வாருங்கள்; ஆறு மாதத்தில் படிக்கச் சொல்லித் தருகிறேன்” என்றார்.

“தேர்வு முடியட்டும், ஹஜ்ரத், இன்ஷா அல்லாஹ் வருகிறேன்” என்றோம்.

தேர்வு முடிந்தது. ஊரில் பணி கிடைத்தது. இரண்டாண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்குக்காகச் சென்னை வந்தபோது சந்துக்குச் சென்றோம். அவர் மவுத்தாகிவிட்டிருந்தார். வீடிருந்த இடத்தில் கடைக்கால் தோண்டியிருந்தனர். பெட்டியைப் பற்றி அண்டை வீட்டாரிடம் விசாரித்தோம். பாத்திரங்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டதாகவும், காகிதங்கள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனதாகவும் சொன்னார்கள்.

அந்தச் சாசனங்களில் எந்த மனையை எந்தப் பள்ளிவாசலுக்கு யார் எழுதி வைத்தார் என்பது நமக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. வக்பு நிலம் பறிபோவதாக மேடைதோறும் முழங்கும் நாம், அந்நிலத்துக்குரிய மூல ஆவணத்தை வாசிக்கும் ஆற்றலை நாமே பறிகொடுத்தோம். இக்குற்றத்தைப் பிறர்மேல் சுமத்த நமக்கு வழியில்லை. கற்றுத்தர ஆள் அழைத்தார். கற்க வேண்டிய நாம் தவணை கேட்டோம்.

இனி

வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற பழைய கலாசாலைகளில் ஓதிய நம் முன்னோரான தமிழ் ஆலிம்கள் உருதுவில் கற்று, பாரசீகத்திலும் ஓரளவு பயிற்சி பெற்று வெளிவந்தனர். அரபுக் கல்லூரிகள் தமிழைப் பயிற்றுமொழியாக ஏற்றது நல்ல மாற்றம். அதை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். பாகிர் ஆகாஹ் தக்கனியில் எழுதியதும் இதே காரணத்தால்தானே! ஆனால் அம்மாற்றத்தின்போது பாரசீகத்தைச் சுமையெனக் கருதி இறக்கி வைத்தோம். அரபு எழுத்தும் பாதிச் சொற்களும் முன்பே தெரிந்த நம் மாணவனுக்குப் பாரசீக ஆவணங்களை வாசிக்கும் அடிப்படைப் பயிற்சி தர ஓராண்டு போதும். ஆண்டுக்கு ஐந்து மாணவர்கள் அவ்வாறு பயின்றால், பள்ளிவாசல்களிலும் மையவாடிகளிலும் உள்ள கற்களைப் படியெடுத்து, ஒளிப்படமெடுத்து, தமிழில் பெயர்த்து வைக்க முடியும். பழைய வீடு இடிபடும் செய்தி கேட்டால் பெட்டியைத் தேடி முதலில் செல்ல ஆளிருக்கும்.

கட்டடங்களைக் காக்க அரசு உண்டு, காலந்தாழ்ந்தேனும் காக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையாகி, பின்னர் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையால் செப்பனிடப்பட்டது. காகிதத்துக்கும் மொழிக்கும் அத்தகைய பொறுப்பாளர் நம்மையன்றி இல்லை.

இவ்வளவும் சொன்ன பின், இப்பேட்டையில் மாறாத ஒன்றையும் சொல்லி முடிப்பது கடமை. 1947 பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்னும் இந்துப் பெரியார் தொடங்கிய ‘சூஃபிதார்’ அமைப்பின் தொண்டர்கள், பல பத்தாண்டுகளாக ரமளான் மாதத்தில் வாலாஜா பள்ளிவாசல் நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு சமைத்துக் கொண்டுவந்து தம் கையாலேயே பரிமாறி வந்துள்ளனர். வீடிழந்து வந்தவர் தொடங்கிய விருந்து அது. நாமும் அந்த வரிசையில் அமர்ந்து நோன்பு திறந்திருக்கிறோம். மக்கன்லாலின் கல்வெட்டும் சூஃபிதாரின் இஃப்தாரும் ஒரே வளாகத்தில் இருப்பதை அன்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த முறை அப்பள்ளிவாசலுக்குச் செல்லும் வாசகர்கள் தொழுகை முடிந்ததும் சற்று நின்று அக்கல்லைப் பார்க்க வேண்டும். உடன் பிள்ளைகள் இருந்தால், எழுத்துக்கு எண் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். 1209 வரும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வாசிக்கும் ஆற்றலையும், அழைக்கும்போது தவணை கேளாத மனத்தையும் வழங்குவானாக! ஆமீன்.